படகு கவிழ்ந்தால் யார் பொறுப்பு? சிறு படகு உரிமையாளரின் கடமையும் பயணியின் உரிமையும்

கல்வராயன் மலைக்குச் செல்லும் குடும்பங்கள் மேகம் அருவி, பெரியார் அருவி ஆகியவற்றைப் பார்த்துவிட்டுக் கரியாலூரில் இறங்கிப் படகுச் சவாரி செய்வது வழக்கம். பெருநாள் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம் பகுதிகளிலிருந்து வேன் பிடித்துப் பிச்சாவரத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒகேனக்கல்லுக்கும் போகிறவர்கள் அதைவிட அதிகம். எங்கே போனாலும் நடப்பது ஒன்றுதான். டிக்கெட் வாங்குகிறோம், படகில் ஏறுகிறோம், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுக்கிறோம். படகுக்குப் பதிவு உண்டா, காப்பீடு உண்டா, எத்தனை பேரை ஏற்ற அனுமதி என்று யாரும் கேட்பதில்லை.

பேருந்தோ காரோ மோதினால் எங்கே போய் இழப்பீடு கேட்பது என்று கிராமத்து மக்களுக்கும் தெரியும். படகில் அடிபட்டால் எங்கே போவது என்பது படித்தவர்களுக்கே தெரிவதில்லை. அதனால்தான் பல குடும்பங்கள் அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையோடு நின்றுவிடுகின்றன. இது குறித்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

நடந்தவை சொல்லும் பாடம்

2023 மே 7 அன்று மாலை, கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் தானூர் அருகே தூவல் தீரத்தில் 'அட்லாண்டிக்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 22 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் 11 பேர். மீன்பிடிப் படகாக இருந்ததைப் பயணிகள் படகாக மாற்றியிருந்தார்கள் என்பதும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினார்கள் என்பதும் குற்றச்சாட்டுகள். உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அவர் மீது கொலைக் குற்றப் பிரிவையே காவல்துறை சேர்த்தது. கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி வி.கே. மோகனன் தலைமையில் விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது.

அதற்கு முன்பு 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அது தனியார் படகன்று, கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு. 2002 ஜூலை 27 அன்று குமரகத்தில் 29 உயிர்களைப் பறித்ததும் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுதான்.

2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதரா நகரில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மூழ்கி இறந்தனர். ஏரி மாநகராட்சியுடையது, நடத்தியது தனியார் ஒப்பந்ததாரர். குஜராத் உயர் நீதிமன்றம் படகு ஓட்டியவரோடு விசாரணையை நிறுத்தவில்லை. அந்த ஒப்பந்தம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று மாநகராட்சியையும் கேள்வி கேட்டது.

தமிழகத்திலும் இந்த வரிசை உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் உறவினர்கள் கூட்டமாக ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2017 பிப்ரவரி 26 அன்று தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில், சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர்.

இந்த விபத்துகள் பலவற்றிலும் ஒரே காரணங்கள் திரும்பத் திரும்பப் பேசப்பட்டன: அளவுக்கு மீறிய ஆட்கள், உயிர்காப்புச் சட்டை இல்லாமை அல்லது போதாமை, பயணிகளுக்கென்று கட்டப்படாத படகு. இவை மூன்றுமே உரிமையாளரின் கையில் உள்ளவை. சட்டத்தின் பார்வையில் பொறுப்பு தொடங்கும் இடமும் இதுதான்.

படகுகளை ஆளும் சட்டங்கள்

ஆறு, ஏரி, கால்வாய், காயல் ஆகியவற்றில் ஓடும் படகுகளுக்கு நூறாண்டுகளுக்கு மேலாக 1917-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருந்தது. அதை நீக்கிவிட்டு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2022 ஜூன் 7 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி இயந்திரப் படகுக்கு நான்கு விஷயங்கள் கட்டாயம்:

1. கட்டுமானமும் பாதுகாப்பும் சரியாக உள்ளன என்பதற்கான ஆய்வுச் சான்றிதழ்.
2. பதிவுச் சான்றிதழ்.
3. தகுதிச் சான்றிதழ் பெற்ற ஓட்டுநரும் பணியாளர்களும்.
4. காப்பீடு.

துடுப்புப் படகு, மிதிபடகு, பரிசல் போன்ற இயந்திரமில்லாத படகுகளையும் சட்டம் அடியோடு விட்டுவிடவில்லை. உள்ளாட்சி மட்டத்தில் அவற்றைப் பட்டியலில் சேர்த்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மாநில அரசிடம் தந்துள்ளது. 'மோட்டார் இல்லாத சின்னப் படகுதானே, இதற்கெல்லாம் சட்டம் ஏது' என்று சொல்ல முடியாது.

மீன்பிடிப் படகுகளின் கதை வேறு. அவை மீன்பிடித் தொழிலுக்கென்று பதிவு பெற்றவை. தமிழகக் கடலில் அவற்றுக்கு 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. அந்தப் பதிவைக் காட்டிப் பயணிகளைக் காசுக்கு ஏற்ற முடியாது. ஏற்றி விபத்து நடந்தால், அனுமதியில்லாத வேலைக்குப் படகைப் பயன்படுத்தினார் என்பதே உரிமையாளருக்கு எதிரான முதல் சான்றாகிவிடும். காப்பீட்டு நிறுவனமும் கையை விரிக்கும்.

இவற்றோடு, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-இல் படகுப் பாதுகாப்புக்கென்று தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரு படகு உரிமையாளர் எந்த அளவு கவனத்தோடு நடந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் வாதாட இது நல்ல ஆதாரம்.

குற்ற வழக்கு வேறு, இழப்பீடு வேறு

ஒரே விபத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று தண்டனைக்கானது, மற்றது இழப்பீட்டுக்கானது. ஒன்றை நடத்தினால் மற்றொன்று தானாக நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது தொடர்பான பிரிவுகள் இவை:

பிரிவு 282: படகைக் கண்மூடித்தனமாக ஓட்டி உயிருக்கு ஆபத்து விளைவித்தல். 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 284: பழுதான படகிலோ அளவுக்கு மீறி ஏற்றிய படகிலோ கூலிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லுதல். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு படகை ஓட்டியவரோடு நிற்பதில்லை. ஓட்டச் செய்தவரையும் சேர்க்கிறது. கரையில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்த உரிமையாளரும் இதற்குள் வருவார். யாரும் அடிபட்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

பிரிவு 125: கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துதல். கொடுங்காயமானால் 3 ஆண்டு வரை சிறை.

பிரிவு 106: கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இது 2 ஆண்டாக இருந்தது.

மரணம் நேரும் என்று தெரிந்தே படகை இறக்கியதாகக் காவல்துறை கருதினால், இன்னும் கடுமையான பிரிவுகளும் சேரும். தானூரில் நடந்தது அதுதான்.

ஆனால் உரிமையாளர் சிறைக்குப் போனாலும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அதனால் மட்டும் வருமானம் வந்துவிடாது. இழப்பீட்டைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இழப்பீடு கேட்க எங்கே போவது?

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் படகு விபத்தைக் கொண்டு போக முடியாது. படகு அந்தச் சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகாது. இது தெரியாமல் அங்கே மனுப் போட்டால் காலம்தான் வீணாகும். உள்ள வழிகள் மூன்று.

முதல் வழி, நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் படகில் ஏறியவர் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆவார். தந்தை வாங்கிய டிக்கெட்டில் ஏறிய மனைவி, மக்களும் நுகர்வோரே. நுகர்வோர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் புகார் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இங்கே பார்க்கப்படுவது கேட்கும் இழப்பீட்டின் அளவன்று, கொடுத்த கட்டணம். ஆகவே படகு டிக்கெட் வழக்குகள் எல்லாமே மாவட்ட ஆணையத்துக்குத்தான் போகும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் புகார்க் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்பது இந்தச் சட்டத்தின் பெரிய சலுகை. கேரளத்திலோ கடலூர் மாவட்டத்திலோ அடிபட்ட கள்ளக்குறிச்சிக்காரர் அந்த ஊருக்கு வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வழி, உரிமையியல் நீதிமன்றம். இலவசமாக ஏற்றிச் செல்லப்பட்டவர், கரையில் நின்று அடிபட்டவர் போன்றோருக்கு இதுவே வழி. மரணமானால் 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துகள் சட்டப்படி வழக்குத் தொடரலாம். அதற்கும் காலவரம்பு இரண்டு ஆண்டு. நீதிமன்றக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் ஏழையர் வழக்காக அனுமதி கேட்கலாம்.

மூன்றாவது வழி, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. படகை அரசுத் துறையோ உள்ளாட்சியோ நடத்தினால், அல்லது அவர்கள் கண்காணிக்கத் தவறியது வெளிப்படையாகத் தெரிந்தால் இந்த வழியும் உண்டு.

யார் மீது வழக்கு?

படகை ஓட்டியவரின் தவறுக்கு அவரை வேலைக்கு வைத்த உரிமையாளர் பொறுப்பு. 'நான் ஊரிலேயே இல்லை' என்பது இதற்குப் பதிலாகாது. படகைக் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரரையும் சேர்க்க வேண்டும். ஏரியை ஏலம் விட்ட துறை, ஊராட்சி அல்லது மாநகராட்சி, காப்பீட்டு நிறுவனம் ஆகியோரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. சிறு உரிமையாளரிடம் ஒரு படகைத் தவிர வேறு சொத்து இல்லாமல் இருக்கலாம். அவரை மட்டும் சேர்த்து வாங்கிய தீர்ப்பு வெறும் காகிதமாகத் தங்கிவிடும்.

உரிமையாளர் தரப்பில் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். முதலாவது, 'திடீரென்று காற்று அடித்தது, அது இயற்கையின் செயல்'. எவராலும் எதிர்பார்க்க முடியாத சீற்றமானால் அது ஏற்கப்படலாம். எச்சரிக்கை இருந்தும் படகை இறக்கியிருந்தால், அல்லது அளவோடு ஏற்றியிருந்தால் தாங்கியிருக்கும் காற்றில் கவிழ்ந்திருந்தால், அது நிற்காது. இரண்டாவது, 'பயணிகள் ஒரே பக்கம் எழுந்து நின்றார்கள்'. சுற்றுலாப் பயணிகள் எழுந்து நிற்பார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். அதைத் தடுப்பதும் நடத்துபவரின் வேலையே. ஆனால் கொடுத்த உயிர்காப்புச் சட்டையை ஒருவர் பிடிவாதமாக மறுத்திருந்தால், அவருடைய பங்குத் தவறுக்கேற்ப இழப்பீடு குறையலாம். மூன்றாவது, 'சொந்தப் பொறுப்பில் பயணம் என்று டிக்கெட்டில் அச்சிட்டிருக்கிறோம்'. தன் கவனக்குறைவின் விளைவை ஒரு வரி அச்சடித்துப் பயணியின் தலையில் கட்டுவதை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. அந்த வரியைப் பார்த்துப் பயந்து வழக்கைக் கைவிட வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும்?

தானூர் விபத்துக்குப் பிறகு கேரள அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாயும், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இவை கருணைத் தொகைகள். வாங்கிக்கொள்வதால் வழக்குத் தொடரும் உரிமை போய்விடாது. உண்மையான இழப்பைக் கணக்கிடும் முறை வேறு. சாலை விபத்துகளுக்காக உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) வகுத்த கணக்கை மற்ற விபத்துகளிலும் நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்வதுண்டு.

ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த, சொந்தத் தொழில் செய்யும் 35 வயதுக்காரர் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். அடக்கச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை இதற்கு மேல். கருணைத் தொகையோடு திரும்பிவிடும் குடும்பம் எவ்வளவை விட்டுவிட்டு வருகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

காயமடைந்தவருக்கு மருத்துவச் செலவு, இழந்த வருமானம், ஊனத்தால் குறையும் சம்பாதிக்கும் திறன், வலியும் வேதனையும் ஆகியவை கணக்கில் வரும்.

'இறந்தவர் பெயரில் பணமா?'

நம் சமுதாயத்தில் பல குடும்பங்கள் இந்தக் கேள்வியோடுதான் நின்றுவிடுகின்றன. மரணம் இறைவன் விதித்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அந்தக் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை தரப்பட வேண்டும், குடும்பத்தார் தாமாக விட்டுக்கொடுத்தால் தவிர என்று திருக்குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 92-ஆம் வசனம் விதிக்கிறது. விட்டுக்கொடுப்பது ஒருவரின் விருப்பம். ஆனால் சட்டம் தெரியாமல் இழப்பதற்கும் தெரிந்து விட்டுக்கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. அனாதையாக நிற்கும் சிறு குழந்தைகளின் பங்கைப் பெரியவர்கள் விட்டுக்கொடுப்பது எந்த அளவுக்குச் சரி என்பதையும் யோசிக்க வேண்டும்.

பங்கீட்டிலும் ஒரு குழப்பம் நேர்கிறது. மரண விபத்துகள் சட்டப்படி, நம்பியிருந்தவர்களின் இழப்புக்காகக் கிடைக்கும் தொகை கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கு உரியது. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளும் இதில் அடங்குவர். உடன்பிறந்தவர்கள் வர மாட்டார்கள். யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் இழப்புக்கேற்ப நீதிமன்றமே தீர்மானிக்கும். இது வாரிசுரிமைப் பங்கீடு ஆகாது. இறந்தவரின் சொத்துக்கு ஏற்பட்ட இழப்பு என்ற தலைப்பில் கிடைப்பது மட்டுமே அவருடைய சொத்தோடு சேர்ந்து வாரிசுகளுக்குப் போகும்.

இன்னொன்று பிரேதப் பரிசோதனை. சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் அதைத் தவிர்க்கச் சொல்லி மன்றாடும் குடும்பங்கள் உண்டு. நீரில் மூழ்கி இறந்தார் என்பதற்கு அந்த அறிக்கையே வலுவான சான்று. வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. குற்றச் சந்தேகம் உள்ள மரணங்கள் போன்ற சிலவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. தவிர்க்கச் சொல்வதற்குப் பதிலாக விரைவாகச் செய்துதரச் சொல்லிக் கேட்பதே சரி.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியவை

முதலில் உயிர்களைக் காப்பாற்றுவது. அதன் பிறகு:

• அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் தந்து முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற வேண்டும்.
• டிக்கெட், பணம் செலுத்திய குறுஞ்செய்தி, படகின் எண்ணும் பெயரும் தெரியும் படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். கைப்பேசியில் எடுத்த படங்களே பல நேரங்களில் எத்தனை பேர் ஏறினர், யார் உயிர்காப்புச் சட்டை அணியவில்லை என்பதற்குச் சாட்சியாகும்.
• உடன் பயணித்தவர்களின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
• மருத்துவமனைச் சீட்டுகள், ரசீதுகள் அனைத்தையும் சேர்த்துவைக்க வேண்டும்.
• 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் யார் வற்புறுத்தினாலும் கையெழுத்துப் போடக் கூடாது.

நுகர்வோர் உதவிக்கு 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்களை அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் தருகிறது. கல்வராயன் மலைவாழ் மக்களுக்கும் இது பொருந்தும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு

கடன் வாங்கி ஒரு படகு வாங்கி அதில் பிழைப்பு நடத்துபவருக்கும் இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு ஆகியவை கையில் இருந்தால் விபத்தின் சுமை முழுவதும் அவருடைய வீட்டின் மீது விழாது. உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கவும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் ஆபத்து தெரிந்தும் துணிந்து செய்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எட்டுப் பேர் படகில் பதினான்கு பேரை ஏற்றிச் சம்பாதிக்கும் சில நூறு ரூபாய்க்காகக் காப்பீட்டையும் சலுகையையும் சேர்த்து இழக்கிறோம் என்பதை உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயணிகளாகிய நாம் செய்ய வேண்டியதும் சிறியதுதான். ஏறும் முன் மூன்று கேள்விகள் கேட்போம்: எத்தனை பேருக்கு அனுமதி? எல்லோருக்கும், குழந்தைகளின் அளவுக்கும் உயிர்காப்புச் சட்டை உண்டா? காப்பீடு நடப்பில் உள்ளதா? சரியான பதில் வராவிட்டால் ஏற வேண்டாம். குழந்தைகள் சற்று நேரம் அழுவார்கள், அவ்வளவுதான். கரையில் நின்று ஏரியைப் பார்த்துவிட்டு அவர்களோடு வீடு திரும்பலாம்.